வாசிப்பார், அடிப்பான்

மிருதங்கத்தை வாசிப்பார்கள். சட்டி மேளத்தை அடிப்பார்கள். தமிழ் பேசுகிற யாரும் இதை மாற்றிச் சொல்லமாட்டார்கள். கச்சேரி மேடையில் உட்கார்ந்திருப்பவர் வாசிப்பார், மரியாதையாக 'ர்' போட்டு. கழுத்தில் சட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு குச்சியோடு பிணத்துக்கு முன்னால் நடப்பவன் அடிப்பான், 'ன்' போட்டு. இந்த இலக்கணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துவைத்திருந்ததை நான் ஒரு பிள்ளைக்குச் சொல்லியும் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான், ஆனால் மீதிப் பாதியை யாருக்கும் தள்ளுபடி செய்வதாக இல்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். பாட்டு டீச்சர் என்றால் காலையில் பிரார்த்தனைப் பாட்டு, சுதந்திர தினத்துக்கு இரண்டு பாட்டு, ஆண்டு விழாவுக்கு நாலு பாட்டு. மற்ற நாளெல்லாம் கணக்கு டீச்சருக்கு என் பீரியட் வேண்டியிருக்கும். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன். மூடினால் நாற்பத்தைந்து பிள்ளைகளின் புழுக்கம். நான் திறந்தே வைத்திருப்பேன், எப்படியும் சுருதி சேரப்போவதில்லை என்று.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு 'உலக இசைப் பெட்டி' என்று ஒன்றைக் கொடுத்தது. ஒரு தகரப் பெட்டி. உள்ளே மூங்கில் குழல்கள், குலுக்கினால் சலசலக்கும் சுரைக்காய், ஆறு கேசட், ஒரு புத்தகம். தனியாக ஒரு பெரிய ஆப்பிரிக்க மேளம், இடுப்பு உயரத்துக்கு, சுற்றிலும் கயிறு கட்டி. எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் உலகத்தின் பாரம்பரிய இசையைச் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு.

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள்: முதலில் பிள்ளைகளின் வீட்டில், தெருவில் என்ன இசை கேட்கிறது என்று கேளுங்கள், அங்கிருந்து உலகத்துக்குப் போங்கள் என்று. எனக்கு அது பிடித்திருந்தது. தலைமையாசிரியையிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "இதெல்லாம் வெளிநாட்டு ஸ்கூலுக்கு எழுதினது டீச்சர். நம்ம பசங்கள வீட்டுல என்ன பாட்டுன்னு கேட்டா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டாவது பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.

அவர் கெட்ட மனுஷி இல்லை. வயசுக்கு வந்ததும் பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்தும் வீடுகளுக்கு வெயிலில் நடந்தே போய், சண்டை போட்டுத் திரும்பக் கூட்டிவருகிறவர். அப்படிப்பட்டவர் இப்படிச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவர் சொன்னால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

நானும் இரண்டாவது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் கேசட்டில் முதலில் இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு கல்யாணத் தாளம். மணப்பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகும்போது வாசிப்பது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன்னால், முதலில் கேட்கட்டும் என்று டேப் ரெக்கார்டரைப் போட்டுவிட்டேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கடைசி பெஞ்சிலிருந்து நாக்கை மடித்து ஒரு விசில். ஒரு பையன் பெஞ்சில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, கால் கட்டைவிரல் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் ரஃப் நோட்டைக் கிழித்துத் துண்டு துண்டாக அவன்மேல் தூவினார்கள், சாமந்தி இறைக்கிற மாதிரி. முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து நிஜமான கவலையோடு கேட்டாள்.

"டீச்சர், யார் வூட்ல சாவு?"

கிண்டல் பாதி, நிஜம் பாதி. அந்தத் தெருக்களில் வேலை நாள் காலையில், அந்த வேகத்தில் தோல் அதிர்ந்தால் பிணம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற அடிதான் இந்தப் பக்கம் ஆளைச் சுடுகாட்டுக்கு அனுப்புகிறது. இதைவிட நல்ல இசைப் பாடம் எந்த வகுப்பிலாவது தானாக வந்து விழுமா? நான் மேஜையைத் தட்டி, "சைலன்ஸ்" என்று கத்தினேன்.

கத்தியதற்குக் காரணம் இருந்தது. மேஜைக்கு அடியில் என் காலும் ஆட ஆரம்பித்திருந்தது. நான் வியாசர்பாடி எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த அடியைக் கேட்டால் என் வயது என்ன, உடுத்தியிருப்பது என்ன புடவை என்றெல்லாம் என் காலுக்குத் தெரியாது. இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது 'இன்னா'வை விட்டு 'என்ன'வுக்கு மாறினேன். வேலைக்குச் சேர்ந்தபோது ஊரையும் மாற்றிவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் யார் கேட்டாலும் பெரம்பூர் என்பேன். வியாசர்பாடிக்காரர்கள் பாதிப்பேர் வேலை செய்யும் இடத்தில் பெரம்பூர்க்காரர்கள்தான்.

வகுப்பு அடங்கியபோது ஒருத்தி மட்டும் டெஸ்க் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். எர்ணாவூரிலிருந்து வருகிற பெண். ஒல்லி, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், வகுப்பில் வாயே திறக்காதவள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்க நைனா வாசிக்கிறது இதான் டீச்சர். நடுவுல ஒரே ஒரு அடி மட்டும் வேற மாறி கீது."

"சாவு மோளம் வாசிக்கிறாராம்டா அவங்க நைனா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

நான் அவனைத் திட்டவில்லை. அவளைத் திருத்தினேன். "வாசிக்கிறதுன்னு சொல்லக்கூடாதும்மா. அடிக்கிறதுன்னு சொல்லணும்."

"ஏன் டீச்சர்?"

"அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் மூலையில் நிற்கும் ஆப்பிரிக்க மேளத்தைக் காட்டினாள். "அப்ப அது டீச்சர்?"

"அது வாசிக்கிறது."

சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இசையில் பட்டயம் வாங்கியவள் நான். ஏழு வருஷம் தாளம் போட்டுப் படித்த படிப்பில் அவளுடைய ஒரு 'ஏன்' கேள்விக்குப் பதில் இல்லை. பதில் இல்லை என்று சொல்லும் நாணயமும் இல்லை.

அடுத்த வாரம் மேளத்தைத் தொட்டுப் பார்க்க எல்லோருக்கும் முறை வைத்தேன். அவள் முறை வந்ததும் உள்ளங்கையை நடுவில் ஒருமுறை, விளிம்பில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். லாரி ஹாரன் இருந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்: நான் அவளுக்கு ஒரு அடிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. குச்சியில் அடிப்பதைக் கைக்கு மாற்றிக்கொண்டது அவள். அடியை வீட்டில் சொல்லிக்கொடுத்தது அவள் அப்பா.

ஆண்டு விழாவுக்குப் பெட்டி கொடுத்த நிறுவனத்தின் தலைவி சிறப்பு விருந்தினர் என்று முடிவானது. அவர் மனசு வைத்தால் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் அறை வரும் என்று பேச்சு. உலக இசைதான் முதல் நிகழ்ச்சி, அதில் எர்ணாவூர்ப் பெண்ணின் மேளம்தான் முக்கியம் என்று தலைமையாசிரியையே சொன்னார். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது மேளம் காலை வாரியது. பனியும் கடல் ஈரமும் சேர்ந்து தோல் தொய்ந்துவிட்டது. தட்டினால் தொப்பையைத் தட்டுகிற மாதிரி சத்தம். வாத்தியக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்த ஜாதி மேளமெல்லாம் எனக்குத் தெரியாது என்று போய்விட்டார்.

"எங்க நைனா பாத்துக்குவாரு டீச்சர்" என்றாள் அவள்.

தலைமையாசிரியையிடம் கேட்டேன். "ரிப்பேருக்குத்தானே? பின் கேட் வழியா வரச்சொல்லுங்க" என்றார்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். ஐஸ் கம்பெனியில் தினக்கூலி. சாவு விழுந்தால் மேளம். கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார், யாரும் கழற்றச் சொல்லவில்லை. வாட்டர் டேங்குக்குப் பின்னால் மேளத்தை வைத்து, கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்து முடிச்சுப் போட்டார். பழைய காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் ஒரு கட்டைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலை வாட்டினார். காதை வைத்துத் தட்டுவார், மறுபடி வாட்டுவார்.

"இது எந்த ஊரு மோளம் டீச்சர்?"

"ஆப்பிரிக்கா."

"அங்கயும் சாவுக்குத்தானா?"

"இல்லைங்க. இந்தத் தாளம் கல்யாணத்துக்கு."

கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணத்துக்குக் கூப்புடுறாங்களா?" என்றார். அவர் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை நான் இதுவரை எந்தக் கச்சேரியிலும் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. பிறகு மேளத்தில் ஒரே ஒரு சுற்று வாசித்துப் பார்த்தார். எல்லா வகுப்பு ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. மாடி வராந்தாவில் தலைமையாசிரியை எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை அவள் என்னிடம் வந்தாள். "டீச்சர், மைக்ல நீங்கதான பேசுவீங்க? எங்க நைனாகிட்ட கத்துக்கினேன்னு ஒரு வார்த்த சொல்றீங்களா? பேருகூட வாணாம்."

"சொல்றேன்."

"வாசிக்கக் கத்துக்கினேன்னு?"

"வாசிக்கன்னே சொல்றேன்."

"சத்தியமா டீச்சர்?"

"சத்தியமா."

அறிவிப்பு அட்டையில் எழுதினேன்: 'இந்த மாணவி மேளம் வாசிக்கக் கற்றுக்கொண்டது தன் தந்தையிடம்.' ஒரே வரி. விழாவுக்கு முதல் நாள் அட்டைகளைச் சரிபார்த்த தலைமையாசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"தந்தை என்ன பண்றார்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதச் சொல்லலாம் மேடம்."

"நல்ல காரியம் நடக்கிற மேடையில சாவு மேளம்னு சொல்லலாங்கறீங்களா? அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு மத்த பசங்க அவள சும்மா விடுவாங்களா?"

"மேடம், அவரு கொளுத்தி வாட்டின மேளம்தான் மேடையில நிக்கப்போகுது. தாளமும் அவரோடதுதான். இத எப்படி..."

"நீங்க பெரம்பூர்தானே டீச்சர்? இந்த ஏரியா ஆளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். நான் பெரம்பூர் இல்லை, என் சொந்தத்தில் எத்தனை பேர் இந்த மேளத்தோடு போய்ச் சேர்ந்தார்கள் தெரியுமா, உலகத்தில் எந்த மூலையில் எவன் தட்டினாலும் கலாச்சாரம், எர்ணாவூரில் தட்டினால் மட்டும் தீட்டா என்று கேட்டிருக்க வேண்டும். அத்தனையும் நியாயமான கேள்விகள். நான் சொன்னது "ஆமா மேடம்".

விழா அன்று அந்தப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. முன்னால் நாற்காலிகள் காலியாக இருந்தும் உட்காரவில்லை. அன்றைக்கு நின்ற அதே வாட்டர் டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டார். அவள் மேடையேறி மேளத்துக்குப் பின்னால் நின்றாள். நான் மைக்கில் படித்தேன்.

"மேற்கு ஆப்பிரிக்கக் கல்யாணத் தாளம். வாசிப்பவர், எட்டாம் வகுப்பு மாணவி."

அட்டையை மடித்தேன். அவள் வாசிக்கவில்லை. கை தோலுக்கு மேலே நிற்க, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது என்று காத்திருந்தாள். நான் குனிந்து மைக் ஒயரைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

பிறகு வாசித்தாள். கேசட்டில் இருந்த நடு அடியை எடுத்துவிட்டு அப்பாவின் நடு அடியையே போட்டாள். கூட்டத்தில் இருந்த தாய் தகப்பன் அத்தனை பேருக்கும் அது என்னவென்று முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் விசிலடிக்கவில்லை, பேப்பர் கிழிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதற்கெல்லாம் முன்கூட்டியே மிரட்டல் கொடுத்தாயிற்று. மிரட்டியதும் நான்தான்.

சிறப்பு விருந்தினருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடைக்கு நடுவில் வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டு மைக்கில் கேட்டார். "இவ்வளவு அழகா வாசிக்கிறியே கண்ணு, அப்படியே ஆப்பிரிக்காவுக்கே போயிட்டு வந்த மாதிரி இருந்தது. யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தாங்க?"

அவள் வாட்டர் டேங்க் பக்கம் பார்த்தாள். அப்பா தலையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க பாட்டு டீச்சர், மேடம்."

கைதட்டல். தலைமையாசிரியை என்னை எழுந்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எழுந்தேன். கும்பிட்டேன். அவள் அப்பாவும் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார், எல்லோரையும்விடப் பலமாக. திருடியவளுக்குப் பறிகொடுத்தவனே மாலை போட்ட கதை வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

விழா முடிந்ததும் பின் கேட்டில் அவரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் வாயைத் திறக்க விடவில்லை.

"பாப்பாவ ஒன்னும் சொல்லாதீங்க டீச்சர். நாந்தான் தலையாட்டுனேன். எங்கப்பன் அடிச்சான், நான் அடிச்சுக்கினு கீறேன். எம் பொண்ணு வாசிக்குதுன்னு மைக்ல சொன்னீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. என்னைத் திட்டியிருக்கலாம். சத்தியம் பண்ணிவிட்டு ஏமாற்றினாயே என்று நாலு பேர் பார்க்கக் கேட்டிருக்கலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு, மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்கு உலக இசை பீரியட். அன்றைக்குக் கணக்கு டீச்சர்கூட அதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் அறை வந்த மாதிரிதான் என்று ஸ்டாஃப் ரூமில் எனக்கு அவ்வளவு மரியாதை. மேளத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தேன். அவளிடம் தனியாகப் பேசவேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், ஒன்றுமே நடக்காத மாதிரி, "வாம்மா, வந்து வாசி" என்றேன்.

எழுந்து நின்றாள். இடத்தை விட்டு வரவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர்."

"அன்னிக்கு வாசிச்சியே."

"அது நீங்க சொல்லிக்குடுத்ததாச்சே டீச்சர். நீங்களே வாசிங்க. எனக்கு அடிக்கத்தான் தெரியும்."

குரலை உயர்த்தவில்லை. மரியாதை குறையவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பள்ளியை விட்டுப் போகிறவரை அந்த மேளத்தை அவள் மறுபடி தொடவே இல்லை.

பிள்ளைகள் அப்போது சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து பேரும் டீச்சர் வாசிக்கப்போகிறார் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மேளத்தை வாசிக்கவும் தெரியாது, அடிக்கவும் தெரியாது.